ஒளிக்குக் கொட்டகை எதற்கு?

மும்பைத் தமிழரிடையே திரைப்படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும். வயது வேற்றுமையின்றி எல்லோரும் கூடிவிடுவர். எந்த நடிகர் எந்தப் படத்தில் எந்த வசனத்தைப் பேசினார் என்பது தாராவிச் சிறுவனுக்கும் தெரியும். செம்பூர் ஓய்வூதியருக்கும் தெரியும். ஆனால், திரையரங்கை விட்டு வெளியே வந்துவிட்ட திரைக்கலை ஒன்று உண்டு என்று சொல்லிப் பாருங்கள். அவை கலைந்துவிடும். "கதை உண்டா? பாட்டு உண்டா? நாயகன் யார்?" என்று மூன்று கேள்விகள் எழும். மூன்றுக்கும் "இல்லை" என்ற விடை வந்தால், "அப்படியானால் அது பணக்காரர் பொழுதுபோக்கு, நமக்கு எதற்கு?" என்ற தீர்ப்பும் உடனே வந்துவிடும். மேல்முறையீட்டுக்கு இடமே இல்லை!

அந்தத் தீர்ப்பை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறோம். அதை வழங்கும் நம்மவரோடு மட்டுமல்ல, அக்கலையைக் குளிரூட்டப்பட்ட அறைக்குள் வைத்துக்கொண்டு அதற்கு ஆங்கிலப் பூட்டுப் போட்டிருப்போரோடும் சேர்த்தே வழக்காடுகிறோம். இரு தரப்பாரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆயினும் இருவரும் கைகோத்தே ஒரு செல்வத்தை நம் பிள்ளைகளிடமிருந்து மறைக்கின்றனர் என்பது நம் துணிபு.

பொருள் எது?

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். திரையரங்கில் ஒரு திரை, ஒரு ஒளிக்கற்றை, ஒரே திசை நோக்கி அமர்ந்த ஆயிரம் கண்கள். மணி அடித்தால் தொடக்கம். 'வணக்கம்' என்ற எழுத்து வந்தால் முடிவு. நாம் பேசும் கலையில் இந்த ஒழுங்கு இல்லை. ஓர் அறையில் நான்கு சுவரிலும் நான்கு படங்கள் ஓடும். தரையில் ஓடும், தொங்கும் துணியில் ஓடும், தொலைக்காட்சிப் பெட்டிகளில் ஓடும். பார்ப்பவர் நடுவே நடந்து செல்வார். எங்கே நிற்பது, எதை முதலில் காண்பது என்பதை அவரே முடிவு செய்வார். அவருடைய நிழலும் படத்தின் மேல் விழும். இதனை நிறுவல் கலை என்கின்றனர்.

1963 ஆம் ஆண்டு, கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் என்ற கலைஞர், ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் தொலைக்காட்சிப் பெட்டிகளை ஓர் அறையில் பரப்பி, அவற்றின் படங்களைக் கோணலாக்கிக் காட்டினார். ஒளிபரப்பு நிலையம் அனுப்பியதை அப்படியே விழுங்கிக்கொண்டிருந்த பெட்டியைக் கலைஞன் ஒருவன் தன் கையில் எடுத்துக்கொண்டான் என்பதே அதன் சிறப்பு. அன்று விதைத்தது பின்னர் உலகெங்கும் கிளைத்தது.

புதுமையா, பழமையா?

"இஃது மேனாட்டார் புதுமோகம், நமக்கு ஒட்டாது" என்பார் உளர். அவர்களுக்கு வரலாற்றையே சான்றாக வைக்கிறோம்.

1896 ஜூலை 7 அன்று இந்தியாவில் முதன்முதலாகச் சலனப்படம் காட்டப்பட்டது. எங்கே? திரையரங்கிலா? அன்று. லூமியேர் சகோதரரின் படங்கள் மும்பை வாட்சன் உணவு விடுதியில், கட்டணம் ஒரு ரூபாய்க்குக் காட்டப்பட்டன. ஒரு வாரத்தில் அவை நாவல்டி நாடக அரங்குக்கு இடம் மாறின; அங்கே நாலணாக் கட்டணமும் வந்தது. அந்த விடுதிக் கட்டடம் எஸ்பிளனேட் மேன்ஷன் என்ற பெயரில் காலாகோடாப் பகுதியில் சிதைந்த நிலையிலேனும் எஞ்சியுள்ளது. ஆகவே, திரைப்படம் பிறந்த இடம் திரையரங்கு அன்று. திரையரங்கு அதற்குப் பின்னர் கட்டப்பட்ட வீடு மட்டுமே. பிறந்த குழந்தை வீட்டை விட்டு வெளியே உலாவினால் குடிமுழுகிப் போகுமா?

தமிழகத்துக்கு வருவோம். 1905 ஆம் ஆண்டு திருச்சியில் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், தியூபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டார், கூடாரத்தைத் தோளில் ஏற்றினார், ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கோவையில் வெரைட்டி ஹாலை அவர் எழுப்பியது 1914 இல்தான். ஒன்பது ஆண்டுக் காலம் அவருடைய அரங்கு கூடாரமும் ஆற்று மணலும் சந்தைத் திடலுமே. கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் எழுத்தர் குலத்தைச் சேர்ந்த நாம், இந்த ஒரு முன்னோரைப் பற்றி மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் மார்தட்டுவது போதாது. அவர் துணிந்ததில் நூற்றில் ஒரு பங்கேனும் நாம் துணிய வேண்டாமா?

இன்னும் பின்னே செல்வோம். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு; விளக்குக்கும் துணிக்கும் இடையே ஆட்டுத்தோலில் வண்ணந்தீட்டித் துளையிட்ட பாவை; ஒருவரே எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுக்கும் வித்தை. தோற்பாவைக்கூத்தைச் சொல்கிறோம். அசையும் ஒளிப்படத்துக்கு இதைவிடப் பழைய பாட்டி யார்? இங்கே வாஷியில் வாழும் நாம் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தமிழகத்தில் இக்கூத்தை வழிவழியாக நடத்தி வரும் குடும்பத்தார் வீட்டில் பேசும் மொழி மராத்தி. தஞ்சையில் மராத்தியர் ஆட்சி நடந்த காலத்தையொட்டி அவர்தம் முன்னோர் தமிழ்நாட்டுக்கு வந்தனர் என்பர். வீட்டில் மராத்தி, திரைக்குப் பின்னால் தமிழ்! மகாராட்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்துப் பிங்குளி என்னும் ஊரில் தாக்கர் குலத்தார் இன்றும் தோல்பாவை ஆட்டுகின்றனர்.

அவர்கள் ஒளியை அங்கே எடுத்துச் சென்றனர். நாம் தமிழை இங்கே எடுத்து வந்தோம். "இது நம் கலையன்று, பிறருடையது" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஒளிக்கு மாநில எல்லை ஏது?

நம் கதையைச் சொன்னவர்கள்

அடுத்த வாதம், "இக்கலையில் நம் வாழ்வு எங்கே இருக்கிறது?" என்பது. நம் வாழ்வைத் தவிர வேறு எதுவும் இல்லை என்று சொன்னாலும் மிகையாகாது.

1969 முதல் 1972 வரை ஓவியர் அக்பர் பதம்சி, தமக்குக் கிடைத்த ஜவகர்லால் நேரு ஆய்வுநல்கைப் பணத்தைக் கொண்டு மும்பையில் ஒரு பட்டறை நடத்தினார். ஓவியரும் ஒளிப்பதிவாளரும் கூடி அங்கே படக்கருவிகளைப் பழகினர். அப்பட்டறையில் பயின்ற இளம் ஓவியர்களுள் ஒருவர் நளினி மாலானி. 1946 இல் கராச்சியில் பிறந்து, பிரிவினையால் குடும்பத்தோடு இடம்பெயர்ந்தவர். பின்னர் மும்பையில் வளர்ந்தவர். 'யுடோபியா' என்ற அவருடைய ஆக்கத்தில் இரண்டு படங்கள் அருகருகே ஓடும். ஒன்று 1969 இல் எடுத்தது. கட்டட மாதிரிகளை வண்ண ஒளியில் அசைத்துக் காட்டும் கனவு வீடுகள். மற்றொன்று 1976 இல் கறுப்பு வெள்ளையில் எடுத்தது. அதில் ஓர் இளம்பெண் நகரத்தின் குடிசைகளை நோக்கி நிற்கிறாள். ஒருபக்கம் வாக்குறுதி, மறுபக்கம் நிலைமை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் பார்வையாளன்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

வாஷிவாசிகளே, இந்த ஆக்கம் யாருடைய கதை? சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் ஆகியோர் கடற்கழிக்கு அப்பால் ஒரு புதிய நகரம் வேண்டும் என்று 'மார்க்' இதழில் எழுதியது 1965 இல். சிட்கோ தோன்றியது 1970 இல். தானே கழியின் மேல் பாலம் வந்தது, வாஷி எழுந்தது, 1992 இல் மான்கூர்டிலிருந்து வாஷிக்கு இரயில் ஓடியது. தாராவியின் பத்துக்குப் பத்து அறையிலிருந்தும், மாட்டுங்கா, செம்பூர் ஒண்டுக் குடித்தனங்களிலிருந்தும் நம் குடும்பங்கள் பல அந்த இரயிலேறி இங்கே வந்தன. ஒருவருக்குக் கனவு வீடு கிட்டியது. உடன்பிறந்தவர் இன்னும் குறுகிய சந்திலேயே இருக்கிறார். இரண்டு படங்களும் அருகருகே ஓடுவது கலைக்கூடத்தில் மட்டுமா? நம் குடும்பங்களுக்குள்ளேயே அல்லவா ஓடுகின்றன!

அவரே 1998 இல், பொக்ரான் அணுவெடிப்புச் சோதனைக்குப் பின்னர், சாதத் ஹசன் மண்ட்டோவின் 'டோபா தேக் சிங்' கதையை நினைவுகூர்ந்து ஒரு நிறுவலை ஆக்கினார். தொலைக்காட்சித் திரைகளை அவர் எதற்குள் வைத்தார் தெரியுமா? தகரப் பெட்டிகளுக்குள்! ஊர் விட்டு ஊர் போகிறவன் தூக்கிச் செல்லும் அதே தகரப் பெட்டி. திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தவர் கொண்டுவந்த பெட்டி. பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் இரண்டு வேட்டியையும் மடித்து வைத்து, தட்டச்சர் வேலை தேடி வந்தவர் கொண்டுவந்த பெட்டி. பெட்டியைத் திறந்தால் உள்ளே பிரிவினையின் முகங்கள். இந்தக் கலை நமக்குப் புரியாதாம்! அந்தப் பெட்டியின் எடையைத் தோளில் உணர்ந்த நமக்குப் புரியாவிடில், வேறு யாருக்குப் புரியும்?

பிற்பாடு வந்தவர்களையும் சொல்வோம். 2007 இல் மும்பையில் தொடங்கிய 'கேம்ப்' என்னும் கலைஞர் குழு, 2022 இல் 'பாம்பே டில்ட்ஸ் டவுன்' என்ற ஏழு திரை ஆக்கத்தைப் படைத்தது. வானுயர்ந்த ஒரு கட்டடத்தின் மேலிருந்து, காவலுக்கு வைக்கும் சிசிடிவி கேமரா ஒன்றைக் கொண்டே படமெடுத்தனர். கேமரா அடுக்குமாடிகளின் உச்சியில் தொடங்கித் தலைகுனிந்துகொண்டே வந்து, தகரக் கூரைகளையும் நீலத் தார்ப்பாய்களையும் உழைக்கும் மனிதரையும் காண்கிறது. நம்மை வேவு பார்ப்பதற்கென்று செய்த கருவி, இங்கே நகரத்தின் நீதியை விசாரிக்கிறது. கொச்சி இருவாண்டுக் கலைவிழாவில் அது வைக்கப்பட்டது. 2025 இல் நியூயார்க் நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றது. நியூயார்க்கார் கண்ட நம் கூரையை நாம் காணவில்லை!

பூட்டுப் போட்டவர்கள்

இங்கே வழக்கின் மறுபக்கத்துக்கு வருகிறோம். நம்மவர் காணாமைக்கு நம்மவர் மட்டுமே காரணமா?

காலாகோடாவின் கலைக்கூடங்களுக்கு வாஷியிலிருந்து துறைமுக வழி இரயிலில் செல்லலாம். தொலைவு தடையன்று. அங்கே ஒரு கலைக்கூடத்தின் கண்ணாடிக் கதவருகே நின்று பாருங்கள். காவலாளி முதலில் உங்கள் செருப்பைப் பார்ப்பார்; பிறகு முகத்தைப் பார்ப்பார். உள்ளே சென்றால் சுவரில் ஒரு குறிப்பு. ஆங்கிலம் படித்தவரையும் திணறடிக்கும் ஆங்கிலம். மராத்தி இல்லை, இந்தி இல்லை, தமிழைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சேரியைப் பற்றிய படத்தைச் சேரியார் நுழையத் தயங்கும் அறையில் ஓட்டுவது என்ன அறம்? உழைப்பாளியின் முகம் சுவர் முழுவதும் ஒளிரும். அந்த உழைப்பாளி வாயிலில் நிற்பார். கலைஞர்களின் நெஞ்சில் நேர்மை இருக்கிறது என்பதை நாம் ஐயுறவில்லை. அவர்களுடைய விளக்கை எங்கே ஏற்றி வைக்கிறார்கள் என்பதே நம் கேள்வி.

மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு: வணிகர். 2023 இல் மும்பையில், ஓவியர் வான்கோவின் படங்களைச் சுவரெங்கும் பெரிதாக்கி ஒளிவீசிக் காட்டிச் சீட்டு விற்றனர். பிள்ளைகளை அழைத்துச் சென்ற பெற்றோரைக் குறை கூறோம். ஆனால் சூரியகாந்திப் பூவை இருபது அடி உயரமாக்கினால் பூதான் பெரிதாகும், பார்வை பெரிதாகுமா? மாலானியின் தகரப் பெட்டி நம்மைக் கேள்வி கேட்கிறது. வணிகரின் ஒளிச்சுவர் நம்மைச் சுயபடம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. இரண்டும் திரையை விட்டு வெளியே வந்தவைதாம். வெளியே வருவது மட்டுமே பெருமையன்று. வந்து என்ன சொல்கிறது என்பதே பெருமை.

விளம்பரம் எப்போதோ திரையரங்கை விட்டு வெளியே வந்துவிட்டது. சாலை முனையில் ஒளிப்பலகை, இரயில் நிலையத்தில் ஒளிப்பலகை, மின்தூக்கிக்குள் ஒளிப்பலகை, ஒவ்வொருவர் கையிலும் ஒரு திரை. சோப்பு விற்பவன் திரையை உடைத்துக்கொண்டு நம் படுக்கையறை வரை வந்துவிட்டான். கலைஞன் மட்டும் கொட்டகைக்குள்ளேயே அடங்கிக் கிடக்க வேண்டும் என்று நாம் சட்டம் பேசுகிறோம்! இதைவிட நகைப்புக்குரிய நடுநிலை வேறொன்று உண்டோ?

ஏன் இன்று?

"சரி, இது நல்ல கலையே என்று வைத்துக்கொள்வோம். இன்று இதற்கென்ன அவசரம்?" என்று கேட்கலாம். அவசரம் இருக்கிறது.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கியது. புதிய வீடு நல்லதா, தீயதா என்ற வாதத்துக்குள் ஈண்டு நுழையவில்லை. மழைக்காலத்தில் முழங்கால் நீரில் நின்றவர்க்கு நல்ல கூரை வேண்டும். அதில் இரு கருத்து இல்லை. ஆனால் ஒன்றை எழுத்தர்களாகிய நாம் நன்கறிவோம். கோப்பு என்பது ஆண்டைக் கேட்கும், ஆதாரத்தைக் கேட்கும், தரைத்தளமா, மேல்தளமா என்று கேட்கும். அந்தச் சந்தில் அதிகாலையில் இட்லித் தட்டுகள் எழுப்பிய ஓசையைக் கேட்காது. தோல் பதனிட்ட தொட்டியின் நெடியைக் கேட்காது. மொழி தெரியாத ஊரில் முதல் மணியார்டர் அனுப்பிய நாளில் தந்தை எப்படி நின்றார் என்று கேட்காது. கோப்பில் ஏறாதது அரசுக்கு இல்லாதது. நம் பிள்ளைகளுக்கும் அப்படியே ஆகிவிடலாமா?

நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர், படிக்க மாட்டார். இந்த மலரில் நாம் எழுதும் பக்கங்களை அவர்கள் புரட்டுவர். படங்களைப் பார்த்து மூடிவிடுவர். அவர்களைத் திட்டிப் பயனில்லை. எழுத்தின் வழியே எட்ட முடியாத பிள்ளையைக் குரலின் வழியே எட்டலாம். இருட்டறையில் பாட்டியின் குரல் நெல்லைத் தமிழில் ஒலிக்க, சுவரில் அவள் வாழ்ந்த சந்து ஒளிர, அந்தப் பிள்ளை அதன் நடுவே நடந்து சென்றால், எழுத்து செய்யாததை அது செய்யும்.

காக்காதது தொலையும். அக்பர் பதம்சி அந்நாளில் எடுத்த இரு படங்களுள் 'ஈவண்ட்ஸ் இன் எ கிளவுட் சேம்பர்' என்பதன் ஒரே பிரதி தொலைந்தே போயிற்று. புகழ்பெற்ற ஓவியரின் படைப்புக்கே அக்கதியென்றால், மாட்டுங்காவில் நம் பெரியவர்கள் எடுத்த குடும்பப் படங்களுக்கும், ஒலிநாடாவில் பேசி ஊருக்கு அனுப்பிய குரல்களுக்கும் யார் பொறுப்பு?

என்ன செய்வது?

குறை கூறி விலகுவது நம் நோக்கமன்று. ஆகவே வழியையும் சொல்கிறோம்.

ஆண்டு விழாக்களில் மெல்லிசைக்கும், நட்சத்திர இரவுக்கும், பட்டிமன்றத்துக்கும் பல ஊர்ச் சங்கங்கள் மேடை தருகின்றன. தரட்டும். அவற்றோடு ஒரு சுவரையும் தரவேண்டும் என்றே கேட்கிறோம். ஒரு வெள்ளை வேட்டி, வாடகைக்கு ஒரு புரொஜக்டர், இரண்டு ஒலிபெருக்கி, பழைய தகரப் பெட்டிகள் நான்கு, இவை போதும். ஒரு நடிகரை விமானத்தில் வரவழைக்கும் செலவில் பத்துச் சுவர்களை ஒளிரச் செய்யலாம்.

தாராவியில் இது நடவாத காரியம் என்று எவரும் சொல்ல வேண்டா. 2015 இல் 'ஸ்நேஹா' என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஒரு கலைவிழாவை நடத்தியது. குடியிருப்போரே கலைஞருடன் கூடிக் கலைப்பொருள்களை ஆக்கினர். 2016 இல் ஒரு தள்ளுவண்டியையே அருங்காட்சியகமாக்கித் தாராவித் தெருக்களில் உருட்டிச் சென்றனர். அயலார் வந்து வண்டி தள்ளும்போது, அங்கேயே பிறந்து வளர்ந்த நாம் கைகட்டி நிற்பதா?

எழுபது வயதைக் கடந்தவர் ஒவ்வொருவரையும் நம் பிள்ளைகள் தம் கைப்பேசியில் பத்து நிமிடம் பேச வைக்கட்டும். எந்த ஆண்டு வந்தீர்கள், எந்த இரயிலில் வந்தீர்கள், பெட்டியில் என்ன இருந்தது என்ற மூன்று கேள்விகள் போதும். அந்தக் குரல்களைச் சேர்த்து அடுத்த ஆண்டு விழாவில், மேடைக்கு வெளியே, நுழைவாயிலிலும் படிக்கட்டிலும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரிலும் ஓடவிடுவோம். கலைக்கூடத்தாருக்கும் சொல்வோம்: உங்கள் ஏழு திரைகளை ஏழு நாள் கடற்கழிக்கு இப்பால் கொண்டு வாருங்கள், குறிப்பை நாங்கள் தமிழிலும் மராத்தியிலும் எழுதித் தருகிறோம், செருப்பைப் பார்க்காத காவலாளியையும் நாங்களே தருகிறோம்.

நாயகன் யார் என்று கேட்டவர்களுக்கு இப்போது விடை கூறலாம். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாதர் நிலையத்தில் இறங்கினாரே, அவர்தாம் நாயகன். அவர் பேசிய தமிழே வசனம். அவரைக் காட்ட எந்தக் கொட்டகையும் இதுவரை முன்வரவில்லை. சுவர் நம்மிடம் இருக்கிறது, ஒளி மலிந்துவிட்டது, பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மோடு இருக்கின்றனர். இந்த மூன்றும் ஒருசேர வாய்க்கும் காலம் நெடுநாள் நீடிக்காது. சங்கத்தார் வரும் செயற்குழுக் கூட்டத்திலேயே இதற்கு ஒரு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.